கல்லுக்கிடங்கின் ஓரத்தில் இரண்டு பரப்பு

காலை 5.40, கொடிகாமம்.

சந்தைக்கு மரக்கறி ஏற்றி வந்த வாகனங்கள் ஏ-9 வீதியை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு கையில் பன்னிரண்டு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் போட்ட பை, மறு கையில் ஒரு பழைய பிஸ்கற் தகரம். இந்தக் கோலத்தில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினேன். இருபத்துநான்கு கிலோமீற்றர், நூற்றிருபது ரூபாய்.

சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டுப் பயணம் போவது வருடத்தில் இரண்டு தடவை நடந்தாலே பெரிது. புதிய ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. ஆனால் அன்று போகாமல் இருக்க முடியாது. தகரத்துக்குள் இருந்தது என் தங்கை மாலாவின் காணி உறுதி, காணிக்கான சட்டப் பத்திரம்.

அம்மாவின் சொந்த ஊர் காங்கேசன்துறைக்கும் கீரிமலைக்கும் இடையில். அங்கே இருந்த இரண்டு பரப்புக் காணியை மாலாவுக்குச் சீதனமாக எழுதிவைத்தார். பிறகு போர் வந்து சனம் எல்லாம் இடம்பெயர்ந்தது. காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. நாங்கள் மாறி மாறி இருந்த வீடுகளுக்கெல்லாம் தகரமும் கூடவே வந்தது. இப்போது காணியைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் வாடகை வீட்டில் இருந்த மாலா, அன்று அத்திவாரக்கல் வைக்கிறாள். நல்ல நேரம் 11.12 தொடக்கம் 11.58 வரை. வைகாசி மாதம் முடிய மூன்றே நாள் இருந்தது. அன்று தவறினால் ஆனி, பிறகு ஆடி. அந்த இரண்டு மாதமும் கல் வைக்க மாட்டார்கள். ஆவணியில் வீடு கட்டும் மேசன் வவுனியாவில் வேறு வேலைக்குப் போய்விடுவார். உறுதியைக் கல் வைக்கும் இடத்தில் வைத்துக் கும்பிட வேண்டும் என்று தங்கை ஆசைப்பட்டாள். அதனால்தான் எனக்கு இந்தப் பயணம்.

காலை 7.05, யாழ்ப்பாணம்.

பஸ் நிலையத்தில் ஒரு தேநீரும் இரண்டு உளுந்து வடையும். பிறகு காங்கேசன்துறை பஸ், பதினெட்டுக் கிலோமீற்றர், தொண்ணூறு ரூபாய். யன்னல் ஓரத்தில் இருந்துகொண்டு தகரத்தைத் திறந்து உறுதியை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால் வாசிக்க அல்ல; பக்கத்தில் இருப்பவர் கதை கொடுக்காமல் இருக்க. அது சரிவரவில்லை.

"என்ன தம்பி, கோட்டு வழக்குக்கோ போறியள்?" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர்.

"இல்லை ஐயா. தங்கச்சி வீடு கட்டுறா."

"நல்ல விசயம்தானே! பிறகேன் முகம் உப்பிடி இருக்கு?"

முன் இருக்கையில் இருந்த ஒரு பெண்மணி திரும்பினார். "காணி எவ்விடம்?" சொன்னேன். "ஐயோ, அது கல்லுக்கிடங்குப் பக்கமெல்லே! காணி இருக்கோ, இல்லாட்டிக் கிடங்குக்கை போட்டுதோ எண்டு முதல் பாருங்கோ."

கல்லுக்கிடங்கு என்றால் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் வெட்டி எடுத்த பள்ளம். பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மறுபடியும் உறுதிக்குள் தலையை விட்டேன். இப்போது உண்மையாகவே வாசித்தேன். பழைய உறுதிகளின் தமிழ் மூச்சு விடாமல் ஓடும். நாலு எல்லையும் சொல்லி, பயன்தரு மரங்கள் சொல்லி, கடைசியில் ஒரு வரி: வடகீழ் மூலையில் உள்ள பங்குக் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், அதற்குப் போகவரத் தண்ணீர் அள்ளவும் உள்ள உரிமையும். வடகீழ் என்றால் வடகிழக்கு. பங்குக் கிணறு என்றால் அயல் காணிக்காரர் சேர்ந்து வெட்டிச் சேர்ந்து அள்ளும் கிணறு. வலிகாமத்தில் அப்படிக் கிணறுகள் நிறைய.

கோண்டாவில் தாண்டியதும் மண் சிவக்கத் தொடங்கியது. எங்கள் தென்மராட்சியில் மணல். இங்கே செம்மண், அதில் வெங்காயமும் வாழையும். செம்மண்ணுக்குக் கீழே ஒரே கல். பத்தாம் வகுப்பில் 'யாழ்ப்பாணக் குடாநாடு மயோசின் காலச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது' என்று பாடமாக்கியது எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதன் கருத்து அன்று எனக்குத் தெரியாது. பரீட்சையில் இரண்டு புள்ளி மட்டும் கிடைத்தது.

காலை 8.20, காங்கேசன்துறை.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. மாலா தொலைபேசியில் வந்தாள். "அண்ணை, நாங்கள் தெல்லிப்பழையிலை பூசைச் சாமான் வாங்கிக்கொண்டு நிக்கிறம். பத்து மணிக்குக் காணிக்கு வாங்கோ."

ஒன்றரை மணித்தியாலம் என்ன செய்வதென்று தெரியாமல் நிலையத்துக்கு வெளியே நின்றேன். வரிசையில் முதலாவதாக நின்ற ஓட்டோவின் சாரதி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபது வயது இருக்கும். பெயர் சின்னராசா.

"அண்ணை, கடலைப் பாக்க வந்தனீங்களோ, கீரிமலைக் கேணியிலை குளிக்க வந்தனீங்களோ?"

"ஒண்டுமில்லை. கல்லுக்கிடங்குக்குக் கிட்ட ஒரு காணிக்குப் போகோணும். பத்து மணிக்கு."

"கல்லுக்கிடங்கு எண்டால் ஏறுங்கோ. உங்களுக்கு என்னைவிட்டால் ஆர் காட்டுறது? அஞ்சு வருசம் அதுக்குள்ளை நிண்டு வெடி வைச்சவன் நான்."

காணிவரை நானூறு ரூபாய் பேசினோம். கிடங்கு காட்டுவது இலவசம் என்றார்.

காலை 8.45, கல்லுக்கிடங்கு.

பழைய சீமெந்துத் தொழிற்சாலையின் பக்கத்தால் போய், ஒரு கம்பிவேலிக்கு வெளியே ஓட்டோவை நிறுத்தினார். நான் ஒரு குழியை எதிர்பார்த்திருந்தேன். முன்னால் இருந்தது ஒரு ஏரி. பச்சை நிறத் தண்ணீர். நடுவில் ஒரு கல்மேட்டில் ஆறேழு நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு இருந்தன. கரை மட்டும்தான் இது இயற்கையான ஏரி அல்ல என்று சொன்னது. கேக் வெட்டியதுபோல நேராக இறங்கும் சுவர். மேலே ஒரு முழம் செம்மண். கீழே வெள்ளையும் மங்கல் மஞ்சளுமாகப் படை படையாகக் கல்.

"உதெல்லாம் ஒரு காலம் கடலுக்கடியிலை கிடந்தது," என்றார் சின்னராசா. "சிப்பி, சங்கு, பவளம் எல்லாம் செத்துச் செத்து, ஒண்டுக்கு மேலை ஒண்டு இறுகினது. எங்கடை இஞ்சினியர் ஐயா சொல்லுவார், நீங்கள் கல் உடைக்கேல்லையடா, பழைய கடலை உடைக்கிறியள் எண்டு."

பாடமாக்கிய வசனத்தின் கருத்து எனக்கு முப்பத்தைந்து வருடம் கழித்து அங்கே விளங்கியது.

சின்னராசாவின் கதையை ஒழுங்காக எழுதினால் இப்படி வரும். தொழிற்சாலைக்கு முன்பே இந்தப் பக்கத்துச் சனம் கல் எடுத்தார்கள். அலவாங்கால், அதாவது கடப்பாரையால், கிளப்பி வீட்டுக்கும் மதிலுக்கும் கட்டினார்கள். சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு தொழிற்சாலை வந்தது. இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இந்தக் கல்தான். களிமண் மட்டும் இங்கே இல்லை. அது மன்னார்ப் பக்கம் முருங்கனில் இருந்து ரயிலில் வந்தது. கல்லையும் களியையும் அரைத்துச் சுட்டால் சீமெந்து. முதலில் மேல்மண்ணை வழித்து எடுப்பார்கள். பிறகு துளை போடுவார்கள். வெடிமருந்து இறக்கி, சிவப்புக்கொடி நட்டு, சங்கு ஊதுவார்கள். சங்கு கேட்டால் அயலில் பெண்கள் அலுமாரியில் உள்ள கிளாசுகளைப் பிடித்துக்கொள்வார்களாம்.

"பிறகு சண்டை வந்தது. சங்கு நிண்டது. தண்ணி இறைக்க ஆளில்லை, கிடங்கு நிரம்பீட்டுது," என்று முடித்தார். "இப்ப மீன்கூட நிக்குது. ஆர் கொண்டுவந்து விட்டதோ தெரியாது."

"இவ்வளவு தண்ணி எங்கையிருந்து வருது?" என்று கேட்டேன். நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கல்லுக்குள்ளாலை! இந்தக் கல் வெளியாலை பாக்கத்தான் கல். உள்ளுக்கு ஓட்டையும் குகையும். மழைத்தண்ணி கரைச்சுக் கரைச்சு வழி செய்திருக்கு. நாங்கள் துளை போடேக்கை கம்பி கையை விட்டுத் திடீரெண்டு கீழை போகும். அப்ப விளங்கும், கீழை பொந்து. பொந்துக்கை மருந்து வைச்சால் வெடி உள்ளுக்கையே மூச்சு விட்டிட்டுப் படுத்திடும், கல் அசையாது. அதாலை முதல் அலவாங்காலை குத்திச் சத்தம் கேப்பம். ணங் எண்டால் கல். தொம் எண்டால் பொந்து. எனக்கு இந்த வலது காதிலைதான் அந்தக் கணக்கு. இடது காது வெடியோடை போட்டுது."

காலை 10.00, தங்கையின் காணி.

இரண்டு பரப்பு என்பது பெரிய இடமல்ல. அகலம் அறுபது அடி. நீளம் தொண்ணூறடிக்குச் சற்றுமேல். கிழக்கே ஒழுங்கை, ஒடுங்கிய தெரு. போன மாதம் இயந்திரம் விட்டுப் பற்றைக்காடு வெட்டி, புதிதாகச் சீமெந்துத் தூணும் கம்பியும் போட்டிருந்தார்கள். வடக்கே ஒரு நீண்ட மண்வரம்பு, அதன் இந்தப்பக்க அடியோடு வேலி. தெற்கே வேலி தாண்டிப் பத்து எட்டில் கிடங்கின் பள்ளம். நடுவில் வீட்டுக்குக் குறியடித்து, நாலு மூலைக்கும் கயிறு கட்டியிருந்தது. கல் வைக்கும் சின்னக் குழியும் வெட்டி ஆயத்தம்.

மாலா ஓடிவந்து தகரத்தை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அவளுடைய கணவரும் என் மச்சானுமான ரவி, சின்னராசா யாரென்று தெரிந்ததும் அவரோடு சண்டைக்கு நின்றார்.

"ஓ, கிடங்கு ஆளோ! நல்லா வந்தனீங்கள். உங்கடை கிடங்கு என்ரை மனுசியின்ரை சீதனத்திலை கால் பரப்புக்கு மேலை திண்டிட்டுது, தெரியுமோ? அளந்து பாத்தன், தொண்ணூறடி இருக்க வேண்டிய இடத்திலை எழுபத்தெட்டுத்தான் கிடக்கு. மிச்சம் பன்னிரண்டு அடியும் தெற்காலை உங்கடை பள்ளத்துக்கை."

சின்னராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, வேலிக்கு அங்காலை பாரும். அந்த ஏழு பனையும் எங்கடை காலத்திலையும் நிண்டது. நாங்கள் உம்மடை நிலத்தை வெட்டியிருந்தால் பனை என்ன ஆகாயத்திலையோ நிக்கும்?"

மேசன் சிரித்தார். ரவி சிரிக்கவில்லை. கோபத்தில் சின்னராசா மேசனின் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு, கயிறு கட்டிய இடத்தைச் சுற்றி நடந்து குத்தத் தொடங்கினார். ஒரு முழம் மண்ணுக்குக் கீழே கல் தட்டும்.

முன்பக்கம், ணங். கிழக்குப் பக்கம், ணங். ணங். பின்சுவர் வரும் தெற்குப் பக்கத்தில் குத்தினார். தொம்.

வலது காதைத் திருப்பிக்கொண்டு இன்னும் நாலு இடத்தில் குத்தினார். தொம், தொம். ஒரு கல்வெடிப்பைக் கண்டு மண்ணை விலக்கி, "ஒரு வாளி தண்ணி தாங்கோ," என்றார். மேசன் ஊற்றினார். தண்ணீர் போன இடம் தெரியவில்லை. இரண்டாவது வாளியும் அப்படியே போனது.

"பிள்ளை, இதுக்கு மேலை சுவர் எழுப்பாதையுங்கோ," என்றார் மாலாவிடம், குரலைத் தாழ்த்தி. "இண்டைக்கு நிக்கும். ஒரு நாளைக்குச் சமையலறையும் நீங்களும் கீழை போவியள்."

"அப்ப வீட்டை முன்னுக்குத் தள்ளுவம்," என்றார் மேசன்.

"எப்பிடித் தள்ளுறது?" என்று மாலா அழும் குரலில் கேட்டாள். "சாத்திரியார் நிலையம் எடுத்துத் தந்தது. ஈசான மூலையிலையிருந்து தெற்கே இருபத்திரண்டு அடி, மேற்கே பதினாலு அடி. ஒரு அடி மாறினாலும் கூடாதெண்டு சொன்னவர்."

வெளியூர் வாசகர்களுக்கு: வீடு காணியில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று சாத்திரியார், அதாவது சோதிடர், கணக்குப் பார்த்துச் சொல்வதுதான் நிலையம் எடுத்தல். எங்கள் பக்கம் அது இல்லாமல் கல் வைக்க மாட்டார்கள். தங்கையின் நிலையில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஒரு பக்கம் சாத்திரம், மறுபக்கம் பொந்து, நேரம் 10.25.

எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். ரவி சின்னராசாவை ஏசினார். சின்னராசா கல்லை ஏசினார். மேசன் வவுனியாவைப் பற்றிச் சொன்னார். நான் வேலிக்கரையில் மாம்பழப் பையோடு நின்றேன். எனக்கு ஒரே ஒரு விசயம் உறுத்தியது. சொல்லவும் கூச்சமாக இருந்தது. இத்தனை பேருக்குத் தெரியாதது எனக்கா தெரியப்போகிறது? மூன்று தடவை வாயைத் திறந்து மூடினேன். நாலாவது தடவை சத்தம் வந்தது.

"கிணறு எங்கை?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன கிணறு, மச்சான்?" என்றார் ரவி.

"உறுதியிலை கிடக்கு. வடகீழ் மூலையிலை பங்குக் கிணறு. பஸ்ஸிலை வாசிச்சனான். மூலை கிடக்கு. கிணத்தைக் காணேல்லை."

மாலா தகரத்தைத் திறந்தாள். ரவி வாசித்தார். பிறகு வடகீழ் மூலைத் தூணைப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்தார். சின்னராசா அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு மண்வரம்பைப் பார்த்தார்.

"உந்த வரம்பை ஆர் எல்லை எண்டு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் ரவி. "நேராக் கிடந்தது, எல்லை வரம்பாக்கும் எண்டு நினைச்சுத் தூண் போட்டம்."

"உது சண்டைக் காலத்து மண்ணணை! இந்தப் பக்கம் முழுக்க உப்பிடிக் கிடந்தது. உங்கடை காணி அங்காலையும் கிடக்கும்."

கண்ணிவெடி அகற்றிய பத்திரம் அணையின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே ரவியிடம் இருந்தது. ஏறி இறங்கினோம். பற்றையைக் கத்தியால் வெட்டிக்கொண்டு போன மேசன் அணையின் மறுபக்க அடியிலேயே நின்று, "இஞ்சை!" என்று கத்தினார். கல்லால் கட்டிய வட்டமான கிணற்றுக்கட்டு. கட்டு பாசி பிடித்து, ஒரு பக்கம் உடைந்திருந்தது. மூன்று பக்கமும் தண்ணீர் ஊற்றும் தொட்டி, ஒவ்வொரு பங்காளிக்கும் ஒன்று. நாடாவைப் பிடித்து அளந்தோம். கிணற்றடி மூலைக்கும் எங்கள் கம்பிவேலி மூலைக்கும் இடையில் சரியாகப் பன்னிரண்டு அடி.

சாத்திரியாரைத் தொலைபேசியில் பிடித்தோம். மாலா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஐயா, நாங்கள் ஈசான மூலையைப் பிழையா வைச்சிட்டம்."

"எவ்வளவு பிழை?"

"பன்னிரண்டு அடி, ஐயா."

"பிள்ளை, நான் தந்தது காணியின்ரை மூலையிலையிருந்து அளக்க. உங்கடை கம்பியிலையிருந்து அளக்க இல்லை. மூலையை வடக்கே கொண்டுபோனால் வீடும் வடக்கே வரும். என்ரை கணக்கு மாறாது. நேரம் போகுது, குழியை வெட்டுங்கோ!"

காலை 10.55.

கயிறு அவிழ்ந்தது. வடக்கே பன்னிரண்டு அடி தள்ளி மறுபடியும் கட்டினார்கள். எல்லோரும் சின்னராசாவின் வலது காதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முன்பக்கம் ணங். இரண்டு பக்கமும் ணங். இப்போது பின்சுவர் வரும் இடம். அலவாங்கைத் தூக்கினார். மாலா என் கையைப் பிடித்தாள்.

ணங்.

இன்னொரு இடம். ணங். அந்த வரிசை முழுக்கக் குத்தி முடித்துவிட்டு, "கட்டுங்கோ பிள்ளை. மாடியும் கட்டலாம்," என்றார்.

"மாடிக்கு நீர் காசு தருவீரோ?" என்றார் ரவி. அன்று அவர் சின்னராசாவோடு சிரித்துக் கதைத்த முதல் வசனம் அது. பிறகு, "காணி திண்டது எண்டு சொன்னதுக்கு மனதிலை வைச்சிராதையுங்கோ அண்ணை," என்றார்.

"எனக்கு இடது காது கேக்காது தம்பி. அந்தப் பக்கம் நிண்டுதான் சொன்னனீர்."

11.31க்குக் கல் வைத்தார்கள். கிடங்கிலிருந்து முன்னொரு காலம் வந்த வெள்ளைக் கல் ஒன்றை மேசன் தேடி எடுத்திருந்தார். உறுதியை அதற்கு முன்னால் வைத்து மாலா கும்பிட்டாள்.

பிற்பகல் 2.00.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும், பிறகு கொடிகாமத்து மாம்பழம். சின்னராசாவும் எங்களோடு இருந்து சாப்பிட்டார், மூன்று மாம்பழம். சாப்பிட்ட பின் எல்லோரும் கிணற்றை எட்டிப் பார்த்தோம். உள்ளே கட்டு இல்லை. வெட்டிய கல்லே சுவர். கிடங்கில் பார்த்த அதே படைகள் சின்ன அளவில். வாளி விட்டு அள்ளினோம். குப்பை விலக்கி, விரலில் தொட்டு நாக்கில் வைத்த ரவி, "நல்ல தண்ணி!" என்றார். கடல் இரண்டு கிலோமீற்றர் தூரம்கூட இல்லை. கல்லுக்குள் மழைத்தண்ணீர் மேலேயும் உப்புத்தண்ணீர் கீழேயுமாகக் கிடக்குமாம். ஆழமாக வெட்டினால், அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறும் என்றார் சின்னராசா. மற்ற இரண்டு பங்காளிகளையும் தேடிப்பிடித்துச் சேர்ந்து துப்புரவாக்க வேண்டும் என்று மாலா சொன்னாள். அவர்களும் தங்கள் மூலை தெரியாமல்தான் இருப்பார்கள்.

மாலை 4.10.

சின்னராசா நிலையம்வரை கொண்டுவந்து விட்டார். நானூறு ரூபாயை நீட்டினேன். காலையில் பேசியது வரும் வழிக்கு. போகும் வழிக்கும் வாங்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். "அண்ணை, நீங்கள் கனக்கக் கதைக்கிற ஆளில்லை. இரண்டு சொல்லுத்தான் கதைச்சனீங்கள். ஆனால் கணக்கா." மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து, மாலா உறுதியை எடுத்துக்கொண்டு திருப்பித் தந்த வெறும் தகரத்துக்குள் போட்டார். உள்ளங்கை அளவு. அதில் ஒரு சிப்பி, வரி வரியாக, நேற்றுக் கரையொதுங்கியது போல.

மாலை 6.50, கொடிகாமம்.

உறுதி இருந்த தகரத்தில் கல் கிலுங்க வீடு வந்தேன். தேநீர் குடிக்கவும் பொறுமை இல்லை. வீட்டுப் பின்கோடியில் கிடந்த அலவாங்கை எடுத்து, எங்கள் வீட்டுச் சுவரோரமாக முற்றத்தில் ஓங்கிக் குத்தினேன். ணங்கும் இல்லை, தொம்மும் இல்லை. ஒரு சத்தமும் இல்லாமல் அரைவாசி அலவாங்கு மணலுக்குள் போய்விட்டது.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா செய்யிறியள்?"

"வீடு நிக்குமோ எண்டு பாக்கிறன்."

"இருபத்தாறு வருசமா நிக்குது. இனி நீங்கள் குத்தி விழுத்தாட்டில் சரி. மாலாவின்ரை வீடு?"

"அது பழைய கடலுக்கு மேலை நிக்கப்போகுது," என்றேன். அலவாங்கை மணலிலிருந்து இழுத்து எடுக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. இரவுச் சாப்பாடு வரும்வரை அன்று நடந்தது முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். எங்கள் வீட்டில் நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது அதுதான் முதல் தடவை என்று அவள் இப்போதும் எல்லோருக்கும் சொல்கிறாள்.